யானை வந்தது கேட்கவில்லை

வெளியில் ஒலிப்பதிவுக்குப் போகப்போகிற உங்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னீர்கள். எந்த மைக் நல்லது, காற்று அடித்தால் என்ன செய்வது, மழைக்குள் கருவியை எப்படிக் காப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கடைசியாகப் பாவித்த ரெக்கோடரை இப்போது காட்டினால் சிரிப்பீர்கள். ஆகவே அந்தக் கதைகளை விட்டுவிடுகிறேன். ஒரு நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் செய்தவற்றில் இப்போதும் எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

கிளிநொச்சியில் எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்து ‘வெளிக்காற்று’ என்று ஒரு நிகழ்ச்சி செய்துவந்தோம். சனிக்கிழமை பின்னேரம் உள்ளூர் வானொலியில் போகும். பிறகு ஆட்களின் போன்களுக்கும் போகும். குளம், காடு, மழை, வயல், கடல் எல்லாவற்றையும் சத்தமாகக் கொண்டுவந்து அதற்குள் ஒரு கதை சொல்வோம். யாருக்காக என்று நீங்கள் கேட்கலாம். வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். போரில் கால் போனவர்கள் இருக்கிறார்கள், பார்வை போனவர்கள் இருக்கிறார்கள், முதுகுக்குள் இன்னும் இரும்புத் துண்டோடு படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முல்லைத்தீவில் ஒருவர் கடற்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, கடலின் சத்தத்தை அனுப்பச் சொல்லி எங்களிடம் கேட்டார். கட்டிலில் இருந்து அவருக்கு அது கேட்காதாம்.

என் அப்பா அம்மா மலைநாட்டில் இருந்து வவுனியாப் பக்கம் வந்து குடியேறியவர்கள். வீட்டுக்குள் ஒரு தமிழ், படலைக்கு வெளியே இன்னொரு தமிழ் என்று வளர்ந்தவள் நான். யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று உற்றுக் கேட்கிற பழக்கம் அதிலிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். அந்தப் பழக்கம்தான் என்னை இந்த வேலைக்குக் கூட்டிவந்தது.

அந்த வருடம் சிறுபோக நெல் வெட்டி முடிந்த பிறகு, துணுக்காய்ப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனோம். நானும் நிகழ்ச்சியைச் சொல்கிற வதனியும். வதனி இருபதுகளில் இருந்தாள். எழுதவும் செய்வாள், குரலும் கொடுப்பாள். குளம் வற்றி நடுவில் ஒரு தகடு போலத் தண்ணீர் கிடந்தது. யானைகள் தண்ணீருக்கு வருகிற காலம். ஊர்க்காரர் மரத்தில் கட்டியிருந்த காவல் பரணில் எங்களை ஏற்றிவிட்டு, வெயில் சாயும்போது உழவு இயந்திரத்தோடு வந்து இறக்குகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பரணில் இருந்தோம். ரெக்கோடர் ஓடிக்கொண்டிருந்தது. இருவர் காதிலும் ஹெட்போன். ஒரு புறா விட்டுவிட்டுக் கூவியது. காய்ந்த குளத்தின் மேல் காற்று ஓடியது. வேறொன்றும் இல்லை. இன்றைக்கு வெறுங்கைதான் என்று நான் நினைத்தபோது வதனி என் முழங்கையைப் பிடித்தாள். அவளது நகம் பதிந்தது.

“அக்கா. கீழ.”

எங்கள் மரத்தடியில் யானை நின்றது. தும்பிக்கையால் புல்லைச் சுற்றிப் பிடுங்கி, வேரில் இருந்த மண்ணைக் காலில் தட்டிவிட்டு, வாயில் போட்டது. அதன் மூச்சு ஹெட்போனுக்குள் என் தலைக்குள்ளேயே போய்வருவது போல இருந்தது. நாங்கள் அசையவில்லை. அது தின்று முடித்துத் தண்ணீர்ப் பக்கம் நடந்தது. நடந்துபோனதும் கேட்கவில்லை, கண்ணால் பார்த்ததால்தான் போய்விட்டது என்று தெரிந்தது.

கூடத்துக்கு வந்து அதை வெட்டி ஒட்டினோம். யானைக்கு முன்னால் நீளமாகக் கிடந்த, புறாவும் காற்றும் மட்டுமே இருந்த பகுதியை எடுத்துவிட்டோம். வானொலியில் ஒன்றும் நடக்காத நேரத்துக்கு எல்லாரும் பயப்படுவார்கள். வதனி மிக அழகாக எழுதியிருந்தாள். அதில் ஒரு வரி எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போனது: “காடு எதையும் சொல்லாமல் செய்யாது. கேட்கத் தெரிந்தவனுக்கு அது முன்னமே சொல்லிவிடும்.” யானையின் மூச்சையும் அந்த வரியையும் சேர்த்து ஒரு முன்னோட்டம் செய்தோம். சனிக்கிழமை காலையில் இருந்து அது போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் ஒரு பெண் வந்தா. நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல சேலை உடுத்தியிருந்தா. அதில் பஸ் தூசு. துணுக்காயில் இருந்து மாங்குளத்தில் பஸ் மாறி வந்ததாகச் சொன்னா. பெயர் இராசமலர். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“ரேடியோவில யானைக் கதை சொன்ன பிள்ளை ஆர்?”

வதனி எழுந்தாள். “நான்தான் அக்கா.”

“கேக்கத் தெரிஞ்சவனுக்குக் காடு முன்னமே சொல்லும் எண்டு சொன்னீங்கள், என்ன?”

“ஓம்.”

“அப்ப என்ர மனுசனுக்கு ஏன் அது சொல்லேல்ல?”

நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இந்த முறை அவ கதிரையில் இருந்தா.

கணவர் பெயர் தவராசா. வயலுக்கு வாய்க்காலில் இருந்து தண்ணீர் திருப்ப விடியக் காலமை போனவர். காட்டோரத்து வரம்பில் யானை அடித்துவிட்டது. மகள் தர்சினி அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. அதோடு முடிந்திருந்தால் அது ஒரு சாவு. ஆனால் ஊர் வேறொன்றைச் சேர்த்துக்கொண்டது.

“அவர் எப்பவாவது கள்ளுக் குடிக்கிறவர்தான். நான் மறைக்கேல்ல. ஆனா விடியக்காலமை ஒரு நாளும் இல்ல. சனம் என்ன சொன்னது தெரியுமே? அவ்வளவு பெரிய மிருகம் வாறது காதில விழாமல் போகுமோ, வெறியில நிண்டிருப்பான் எண்டு. செத்த வீட்டிலயே சொன்னவை. பள்ளிக்கூடத்தில என்ர பிள்ளைக்கும் சொன்னவை. அவள் இப்ப வவுனியா ஆஸ்பத்திரியில நேர்ஸ். இண்டுவரைக்கும் தேப்பன்ர படத்துக்கு ஒரு பூ வைக்கிறதில்ல. அப்பா எண்டு வாய் திறக்கிறதும் இல்ல.”

சேலையில் இருந்த தூசைத் தட்டிவிட்டா.

“நானும் ஒருநேரம் அப்பிடித்தான் நினைச்சனான். குடிச்சிருப்பாரோ எண்டு. இண்டைக்குக் கடையில நிண்டு உங்கட ரேடியோவக் கேட்டன். நீங்களும் அதைத்தான் சொல்லுறீங்கள்.”

வெளிவாசலில் ஒரு பாரவூர்தி ஹோர்ன் அடித்துப் போனது. வதனி மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தச் சத்தத்த எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ,” என்றா இராசமலர்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேணும். புருஷனை யானை கொன்ற பெண்ணின் காதில் யானையின் மூச்சைப் போடுவதா? வேண்டாம் அக்கா, தாங்கமாட்டீங்கள் என்று சொல்லத்தான் என் நாக்கு எழுந்தது. ஆனால் அவ தாங்குவாவா இல்லையா என்று முடிவு செய்ய நான் யார்? இரண்டு பஸ் ஏறி வந்தது அவ. ஒன்று மட்டும் தீர்மானித்தேன். நிகழ்ச்சியைப் போடுவதில்லை. இசை சேர்த்து, வெட்டி, அழகாக்கிய எதையும் அவவுக்குக் கொடுக்கக்கூடாது. மரத்தில் இருந்து நாங்கள் பதிந்ததை, பதிந்தபடியே போட்டேன். ஹெட்போனை அவவின் காதில் நானே வைத்துவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டா. புறா. காற்று. மறுபடியும் புறா. அவவின் கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. பிறகு வதனியின் குரல், “அக்கா. கீழ.” இராசமலர் திடுக்கிட்டுக் கண் திறந்தா. யானையின் மூச்சு முழுவதையும் கண்ணை மூடாமல், என்னைப் பார்த்தபடியே கேட்டா. அழவில்லை. கழற்றிவிட்டுக் கேட்டா:

“முன்னுக்குத் திருப்பிப் போடுங்கோ. அது வாற இடத்த.”

போட்டேன். மூன்றாம் தரமும் போடச் சொன்னா.

“எங்க அது வாற சத்தம்?”

“இல்ல அக்கா.”

“இல்லையெண்டா? வெட்டிப்போட்டீங்களோ?”

“இல்ல. இதில ஒண்டும் வெட்டேல்ல. அது வந்தது எங்களுக்குக் கேக்கேல்ல.”

அவ எழுந்து என் கையைப் பிடித்தா. “அப்ப அவருக்கும் கேட்டிராது. என்ன பிள்ளை? கேட்டிராதுதானே?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காக அவவின் முகம் காத்துக்கொண்டு நின்றது. வதனியும் என்னைப் பார்த்தாள், சொல்லுங்கள் அக்கா என்பதைப் போல. ஆனால் அந்த விடியக்காலையில் காற்று எந்தப் பக்கம் அடித்தது, வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு சத்தமாக ஓடியது, எதுவும் எனக்குத் தெரியாது. நான் இரக்கப்பட்டுச் சொன்ன ஒரு பொய், நாளைக்கு ஊரில் யாராவது ஒருவன் கேட்கும் முதல் கேள்வியிலேயே உடைந்துபோகும். உடைந்தால் அவ முன்பைவிட மோசமான இடத்தில் நிற்பா.

“அக்கா, இது வேற யானை, வேற இடம். அண்டைக்கு என்ன நடந்ததெண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா ஒண்டு சொல்லுவன். நாங்கள் ரெண்டு பேர் கேக்கிறதுக்கெண்டே போய், காதில இதையும் மாட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்தனாங்கள். ஒரு துளி குடிக்கேல்ல. எங்களுக்குக் கேக்கேல்ல. மரத்தில இல்லாமல் நிலத்தில நிண்டிருந்தா நாங்களும் இண்டைக்கு இல்ல.”

அவ என் கையை விட்டா. “அது காணும் பிள்ளை, போதும்,” என்றா.

அவவைச் சாப்பிட வைத்துவிட்டு, நானும் வதனியும் நிகழ்ச்சியைத் திறந்தோம். ஒலிபரப்புக்குப் பின்னேரம் வரை நேரம் இருந்தது. வதனி தானே அந்த வரியை எடுத்தாள். எடுக்கும்போது மெல்ல, “எங்கட பதிவே இந்த வரி பொய்யெண்டு சொல்லுது அக்கா. நாங்கள் ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தம்?” என்றாள். ஓம், கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். வசனம் அழகாக இருந்தது. காது வசனத்தோடு போய்விட்டது. காட்டைப் பற்றி எழுதும்போது இது உங்களுக்கும் நடக்கும். எழுதி முடித்ததும் பதிவை இன்னொருதரம் கேளுங்கள். அது ஓம் என்று சொல்கிறதா என்று பாருங்கள்.

வெட்டி எறிந்த பகுதியை முழுதாகத் திரும்ப வைத்தோம். கூடத்தின் பொறுப்பாளர் வந்து கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்தார்.

“இவ்வளவு நேரம் ஒண்டும் இல்லாமல் விட்டா சனம் வேற நிலையத்துக்கு மாத்திப்போடும்.”

“மாத்தட்டும்,” என்றேன். “மாத்தாதவைக்குத் தெரியவேணும், யானை எப்பிடி வரும் எண்டு.”

“முன்னோட்டத்தில போன வரி?”

“நிகழ்ச்சி தொடங்கேக்க வதனி சொல்லுவாள். காலமை நாங்கள் சொன்னது பிழை எண்டு.”

அவர் விரும்பவில்லை. ஆனால் கதவைத் திறந்து இராசமலரைப் பார்த்தார். மேசையில் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தா. சரியென்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று பின்னேரம் அப்படியே போனது. நிலையம் நின்றுபோய்விட்டதோ என்று சிலர் அழைத்தார்கள். ஒருவர் மட்டும் வேறு விதமாகக் கேட்டார்: “தங்கச்சி, என்ர தம்பியும் உப்பிடித்தான் போனவன். அத இன்னொருக்காப் போடுவீங்களோ?”

இராசமலர் பஸ்ஸுக்குப் புறப்படும்போது என்னிடம் ஒன்று கேட்டா. தன் கணவர் நடந்த பாதையைப் பதிந்து தர முடியுமா என்று. வீட்டில் இருந்து பற்றைக்காட்டுக்குள்ளால் வயலுக்குப் போகிற பாதை. அந்தச் சாவுக்குப் பிறகு அவ அதில் கால் வைத்ததில்லை. றோட்டால் சுற்றித்தான் போவா. “பிள்ளை வரமாட்டாள். சத்தத்தையாவது அனுப்புவம்,” என்றா.

மாரி தொடங்கி, முதல் மழைகள் விழுந்து, வயல் உழுகிற நாட்களில் போனேன். வெயில் ஏறி, இரண்டு உழவு இயந்திரங்கள் அந்த வழியால் போன பிறகுதான் நடந்தோம். அவ முன்னால், நான் மைக்கோடு பின்னால். ஈர மண்ணில் செருப்பு ஒட்டிப் பிரிகிற சத்தம். செண்பகப் பறவை ஒன்று பற்றைக்குள் கிடந்து உள்ளிருந்து உறுமுவதுபோலக் கூவியது. தேன்சிட்டுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. இப்போது எனக்கு அந்தச் சின்னப் பறவைகள் கேட்பதில்லை. வலக் காது முற்றாகவே கைவிட்டுவிட்டது. செண்பகம் கேட்கிறது, மயில் கேட்கிறது. மற்றதெல்லாம் வாய் மட்டும் அசைகிற பறவைகள். அந்தப் பாதையில் இன்னொரு காலை நடக்கக் கிடைத்தால் போதும் என்று சிலநாள் படுக்கையில் நினைப்பேன். என்ன கேட்கும் என்று தெரிந்தும் நினைப்பேன்.

வாய்க்கால் கரையில் ஒரு மருதமரம். அதன் கீழ் அவ நின்றா.

“தேத்தண்ணி கொண்டு வந்தா இதுக்கு அங்கால போகமாட்டன். சேறு. இதில நிண்டு கூப்பிடுவன், அவர் வருவார்.” வாய்க்காலைப் பார்த்தா. “அண்டைக்கும் இதில நிண்டுதான் கூப்பிட்டனான். மறுமொழி வரேல்ல. கேட்டும் கேளாத மாதிரி நிக்கிறார் எண்டு கோவம். தேத்தண்ணிய மரத்தடியில ஊத்திப்போட்டுத் திரும்பி வந்திட்டன். அந்தப் பற்றைக்கு அங்காலதான் கிடந்திருக்கிறார்.”

அவ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டா. ஏதோ வேலைக்குத் தயாராகிறா என்று நினைத்தேன். திடீரென்று வயல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டா.

“இஞ்சேருங்கோ!”

அது அதுவரை நான் கேட்ட குரலே இல்லை. இளம்பெண்ணின் குரல். கொஞ்சம் அதட்டல், கொஞ்சம் செல்லம். வீட்டுக்குள் ஒருவருக்கென்றே வைத்திருக்கிற குரல். வயல்வெளி தாண்டிப் போனது. பற்றைக்குள் பறவைகள் நின்றுவிட்டன.

என் விரல் நிறுத்துகிற பொத்தானில் இருந்தது. இது எனக்குரியது இல்லை என்று தோன்றியது. ஆனால் நிறுத்துவதும் எனக்குரியது இல்லையே. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுவிட்டு, அவவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ரெக்கோடர் ஓடட்டும் என்று விட்டேன். செண்பகம் மறுபடியும் தொடங்கும்வரைக்கும் அப்படியே நின்றோம்.

அவ முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தா. “பிடிபட்டுதோ?”

“ஓம் அக்கா.”

“நல்லது. தர்சினிக்கு அனுப்புங்கோ. ரேடியோவுக்கு வேண்டாம்.”

அனுப்பினேன். மரத்தில் பதிந்ததையும், பாதையையும், அவ கூப்பிட்டதையும். பாதையில் பதிந்ததில் ஒரு நொடியும் வானொலிக்குப் போகவில்லை. நாங்கள் பதிகிற எல்லாம் ஒலிபரப்பாக வேண்டும் என்று இல்லை. சிலதுக்கு ஒரேயொரு ஆள்தான் கேட்பவர். அந்த ஆளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இதே தொழில்தான்.

நாட்கள் போயின. வவுனியாவில் இருந்து மறுமொழி இல்லை. இராசமலரை அழைத்துக் கேட்க எனக்குத் துணிவில்லை. பொங்கலுக்குப் பிறகு அவவே அழைத்தா. “அவள் லீவில வந்து நிக்கிறாள். வாங்கோ,” என்று மட்டும் சொன்னா.

போனேன். முன்னறையில் தவராசாவின் படம்; சின்ன மீசை, கமராவைப் பார்த்துக் கூச்சப்பட்ட முகம். படத்தின் கீழ் செவ்வரத்தம்பூ ஒன்று, அன்று பறித்தது. அதை நான் பார்ப்பதைத் தர்சினி பார்த்தாள். மெலிந்த, நிமிர்ந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களுக்கு உரிய சுருக்கமான பேச்சு. குசினிக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி போட்டாள். தாய் அடுப்படியில் பலகையில் இருந்தா.

“கேட்டனான்,” என்றாள் என்னிடம். “டியூட்டி முடிஞ்சு வந்து பஸ் ஸ்ராண்டில இருந்து கேட்டனான். ரெண்டு பஸ்ஸ விட்டிட்டன்.”

பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். கையில் தேத்தண்ணிக் கோப்பை. கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“அம்மா, எனக்கு அப்பான்ர குரல் ஞாபகம் இல்ல.”

இராசமலர் நிமிர்ந்து பார்த்தா.

“நீங்கள் அப்பிடிக் கூப்பிட்டா, அவர் என்னெண்டு மறுமொழி சொல்லுவார்?”

“என்னத்தச் சொல்லுறது. ‘வாறன்’ எண்டுவார். சொல்லிப்போட்டு மண்வெட்டியோட அங்கயே நிண்டுகொண்டு இருப்பார்.” சிரித்தா. அந்தச் சிரிப்பை நான் முன்பு கண்டதில்லை.

“எப்பிடிச் சொல்லுவார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்கோ.”

என் பையில் ரெக்கோடர் இருந்தது. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. இராசமலர் கண்ணை மூடினா. எங்கேயோ தேடுகிற மாதிரி உதடு அசைந்தது. பிறகு தலையைக் கொஞ்சம் சரித்து, குரலைத் தாழ்த்தி, வயலின் அந்தக் கரையில் இருந்து ஒரு மனிதன் நிமிராமல் சொல்வதுபோல, இழுத்துச் சொன்னா:

“வாறன்...”